ஆற்றிலே போட்டதும் கடற்கரையில் தொலைத்ததும்

"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று நம்மவர் பரிகாசம் செய்வதுண்டு. அப்படித் தேடி எடுத்தே காட்டியவர் ஒருவர் இருக்கிறார். திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில் சுந்தரமூர்த்தி நாயனார் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரிய புராணம். பொன்னை ஆற்றில் விடுமுன் அதில் சிறிது வெட்டி மாதிரிக்கு வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்த்தார்.

இன்று விருத்தாசலத்துக் குடும்பங்கள் காற்று வாங்கப் போவது கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கு. ஈரக் கையிலிருந்து மோதிரம் நழுவ எத்தனை நேரம் வேண்டும்? ஓர் அலை வந்து போனால், விழுந்த இடம் பார்த்த கண்ணுக்கே தெரியாது.

இதற்கென்றே வந்தது மெட்டல் டிடெக்டர். கோலின் நுனியிலுள்ள கம்பிச் சுருளில் மாறுமின்சாரம் ஓடும். அதனால் காந்தப் புலம் எழும். மண்ணுள் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் பிறந்து, கருவி ஒலி கொடுக்கும். 1881-ம் வருஷத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் இத்தகைய கருவியை உபயோகித்தார், பலிக்கவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் போலந்து ராணுவ அதிகாரி கொசாட்ஸ்கி அமைத்த கருவி, 1942-ல் எல் அலமெயின் மணலில் கண்ணிவெடிகளைத் தேட உதவியது.

ஆனால் கருவிக்கும் வரம்பு உண்டு. உப்பு நீரில் ஊறிய மணலே அதை ஏமாற்றிப் பொய்க்குரல் எழுப்பச் செய்யும். சோடா மூடிக்கும் அது கூவும். விருத்தாசலத்தின் பெயர்பெற்ற பீங்கான் பொம்மை புதைந்து கிடந்தாலோ, வாயே திறக்காது!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உலோகம் இருக்கிறது என்று சொல்லும் கருவி, அது யாருடையது என்று சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கண்டெடுத்தவர். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைத்துக்கொள்பவர், அதை அடைக்கலப் பொருளாகக் காக்கக் கடமைப்பட்டவர். உடையவரைத் தேடச் செய்த செலவைப் பெறும் வரை அதைத் தம்மிடம் வைத்திருக்கலாம். பழைய புதையல் அகப்பட்டாலோ 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் குறுக்கிடும்: பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி.

ஒரு பெண்மணியின் திருமாங்கல்யம் மணலில் கிடைத்தால், கண்டெடுத்தவருக்கு அது சில கிராம் தங்கம். இழந்தவளுக்கோ எடை போட முடியாத பொருள். ஆகவே கண்டெடுத்தவர் போலீஸ் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. உடையவர்களும் நகையின் எடை, அடையாளம், ரசீது, புகைப்படம் ஆகியவற்றை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது நலம். சுந்தரர் வெட்டி வைத்த மச்சத்துக்கு இக்காலத்தில் அதுதான் ஈடு. பொன்னைக் கொடுத்தவர் இறைவனேயானாலும், மாதிரி வைத்துக்கொள்ள அவர் மறக்கவில்லையே!