ஆமைக்குக் கோலம் கற்றுக்கொடுப்போமா?



ஜனவரி முதல் மார்ச் வரை மாமல்லபுரம் கடற்கரையோரம் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிடும். விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஆமையைக் காணோம். அது ஊர்ந்து போன தடம் மட்டும் மணலில் இருக்கும்.

போகிற இடமெல்லாம் இப்படித் தடம் போடும் ஆமை ஒன்று கணினியிலும் உண்டு, தெரியுமா?

1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்ஸீக், சிந்தியா சாலமன் முதலியோர் குழந்தைகளுக்காகவே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அதற்கு ஓர் இயந்திர ஆமை வந்து சேர்ந்தது. சொன்னபடி தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு போடும்! பிறகு ஆமை கணினித் திரைக்குள்ளும் வந்துவிட்டது. கணினி சொல்வதைக் குழந்தை கேட்பதைவிட, குழந்தை சொல்வதைக் கணினி கேட்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் எண்ணம்.

சதுரம் வேண்டுமா? 'முன்னே 50 போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு' என்று நான்கு முறை சொன்னால் போதும்.

சரி, மூன்று பக்கமும் சமமான முக்கோணம்? அதன் கோணம் 60 பாகைதானே என்று 60 திரும்பச் சொல்வீர்கள். முக்கோணம் மூடவே மூடாது! ஆறு முறை சொன்னால் அறுகோணம் வந்து நிற்கும். ஏன்? ஆமை ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 360 பாகை. அதை மூன்றாகப் பிரித்தால் 120. ஆக, 120 பாகை திரும்பச் சொல்ல வேண்டும்.

பார்த்தீர்களா! சிவப்பு மையால் யாரும் 'தவறு' என்று போடவில்லை, படமே சொல்லிவிட்டது. எங்கே பிசகியது என்று தேடித் திருத்துவதும் புரோகிராம் எழுதுவதில் ஒரு பகுதிதான். அதற்காக அழக் கூடாது.

நம் வீட்டு வாசல் கோலத்திலும் இப்படி விதிகள் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களைக் கணினிக்கு ஏற்ற விதிகளாக எழுதி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

இன்று உங்களுக்கு 'ஸ்க்ராட்ச்' இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் பூனை நடக்கும், பேசும், கோடும் போடும். 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் இது இடம்பெற்றது. ஆனால், அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்; எட்டு வயதிலேயே தொடங்கலாம்.

வீட்டில் கணினி இல்லையா? கவலை வேண்டாம். கட்டளைகளைத் தாளில் எழுதுங்கள். உங்கள் நண்பர்தான் ஆமை, கையில் சாக்பீஸ். தாளில் உள்ளதை மட்டுமே அவர் செய்ய வேண்டும். நீங்கள் மனதில் நினைத்ததைச் செய்யக் கூடாது!

உங்களுக்கு ஒரு புதிர்: ஐந்து முனை நட்சத்திரம் போட, ஆமை ஒவ்வொரு முனையிலும் எத்தனை பாகை திரும்ப வேண்டும்? நட்சத்திரத்தை முடிப்பதற்குள் அது இரண்டு முழுச் சுற்றுத் திரும்பிவிடும். கணக்குப் போட்டு, முற்றத்தில் வரைந்து பாருங்கள்!

(விடை: 720ஐ 5ஆல் வகுத்தால் 144 பாகை)