போத்தலுக்குள் ஒரு கப்பல்

சிறையென்றால் இழப்பு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இலக்கியக்காரரும் பெரும்பாலும் அவ்வாறே எழுதி வந்திருக்கின்றனர். இரசாயனம் கற்பிக்கும் நானும் அதற்கு விலக்கானவனல்லன். உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் என்னைச் சற்றே தடுத்து நிறுத்தியது.

"சேர், இரத்தத்திலுள்ள இரும்பு ஏன் துருப்பிடிப்பதில்லை?" என்றாள் அவள்.

குருதியில் இரும்பணு, ஈம் எனப்படும் தட்டையான மூலக்கூறொன்றின் நடுவே அமர்ந்திருக்கின்றது. அந்த ஈமைத் தனியே கரைசலில் விட்டால், ஒட்சிசன் பட்ட மாத்திரத்தே இரண்டு ஈம்கள் அவ்வொட்சிசனையே பாலமாக்கிப் பிணைந்து கெட்டுவிடும். அதன்பின் மூச்சுக்கு அவை உதவா. புரதமோ ஒவ்வோர் ஈமையும் ஒவ்வொரு பொந்தினுள் ஒதுக்கி வைத்திருக்கின்றது. ஒன்றையொன்று சந்திக்க வழியில்லை. ஆகையால் அவை ஒட்சிசனை வாங்கவும் மீள விடவும் வல்லனவாகின்றன.

இவ்வேலையை உயிரற்ற கல்லொன்றும் செய்யும் என்று சொன்னபோது வகுப்பு நம்பவில்லை.

1756 ஆம் ஆண்டில் குரொன்ஸ்ரெட் என்னும் சுவீடன் நாட்டுக் கனியவியலாளர் ஒரு கல்லைச் சுட்டபோது, அது உள்ளிருந்த நீராவியால் நுரைத்துப் பொங்கியது. கொதிக்கும் கல் என்ற பொருளில் அதற்குச் சியோலைற்று என்று கிரேக்கப் பெயரிட்டார். சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றாலான அப்பளிங்கு உண்மையில் அறைகளும் சாளரங்களும் நிறைந்த மாளிகை. வை வகைச் சியோலைற்றின் பேரறை ஏறத்தாழ 1.3 நனோமீற்றர் அகலமுடையது. அதன் சாளரமோ 0.74 நனோமீற்றர்தான்.

போத்தலுக்குள் கப்பல் செய்து வைத்திருப்பாரே, கண்டிருப்பீர்கள். கப்பல் கழுத்து வழியே நுழையாது. உறுப்புறுப்பாக உட்செலுத்தி உள்ளேயே பொருத்தவேண்டும். 1986 இல் நோர்மன் ஹெரன் என்பவர் இதே உபாயத்தைக் கையாண்டார். முதலிற் கோபாற்று அயன்களைக் கல்லினுள் ஏற்றினார். பின்னர், வளைந்து நெளிந்து சாளரத்தால் நுழையக்கூடிய சாலென் என்னும் சேதன மூலக்கூறை உட்புகுத்தினார். அது கோபாற்றைச் சுற்றிக்கொண்டதும் சிக்கல் விறைப்புற்று, வெளியேற இயலாமற் போயிற்று.

கோபாற்றுச் சாலென் ஒட்சிசனை ஏற்கும் என்பதை 1938 இலேயே ஜப்பானியரான சுமாக்கி அறிவித்திருந்தார். ஆயினும் கரைசலில் அதற்கும் ஈமின் விதியே: இரண்டு கோபாற்றுகள் ஓர் ஒட்சிசன் மூலக்கூறைப் பங்கிட்டுப் பிணைந்துவிடும். கல்லறையினுள் அந்தப் பிணைப்புக்கு இடமில்லை. ஒரு கோபாற்று, ஒரு ஒட்சிசன், எடுத்தல், விடுதல். எனினும் கல் எல்லாவற்றையும் இலவசமாகத் தந்துவிடவில்லை. அங்கே ஒட்சிசனைப் பற்றும் வலிமை, கரைசலில் இருந்ததிலும் குறைந்துவிட்டது. வாயிலும் ஒடுக்கம், விருந்தினர் மெல்லவே வந்துபோக வேண்டும். இவ்விழப்பை மறைத்துவிட்டுச் சிறையைப் புகழ்வது எனக்கு உடன்பாடன்று.

வேறொரு விந்தையும் உண்டு. நீலச் சாயமாகப் பெயர்பெற்ற தாலோசயனின் ஏறக்குறைய 1.5 நனோமீற்றர் அகலமானது. 1.3 நனோமீற்றர் அறையில் அது எங்ஙனம் அடங்கும்? ஓரங்கள் வளைந்து, குதிரைச் சேணம்போல ஆகியே அடங்குகின்றது. வடிவு மாறவே நிறமும் சிறிது மாறுகின்றது. இரும்புத் தாலோசயனினை இவ்வாறு அடைத்த கல்லைப் பலபகுதிய மென்தகட்டிற் பதித்து, ஈரலிலுள்ள ஒரு நொதியம் செய்யும் ஒட்சியேற்றத்தை அறை வெப்பநிலையிலேயே செய்யவைத்தனர் பெல்ஜியத்து லூவன் ஆய்வாளர். அது 1994 இல் வெளியாயிற்று.

மணி அடித்துவிட்டது. அம்மாணவி மட்டும் புத்தகத்தை மூடாமலே கேட்டாள்: "அறையை உடைத்தால், சேர்?"

உடைத்துப் பார்த்திருக்கின்றனர் என்றேன். செறிந்த சல்பூரிக்கமிலத்திற் கல்லைக் கரைத்தால் தாலோசயனின் வெளிவரும்; நிறமாலையை நோக்கினால், ஒருநாளும் அடைபடாத தாலோசயனினுக்கும் அதற்கும் வேற்றுமை காண முடியாது.