கல்லாவுக்கு வந்த கம்பியில்லாத் தொடர்பு

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் நமக்கு நினைவிருக்கும். 1960-இல் கான்பூர் - லக்னோ இடையே தொடங்கிய எஸ்.டி.டி. முறையில் பின்னர் நம் ஊருக்கும் 04175 என்ற குறியீடு கிடைத்தது. 2016-இல் வந்த யு.பி.ஐ. இன்று கல்லாவிலேயே அமர்ந்துவிட்டது. எனவே சில சொற்களை நாம் அறிவது அவசியம்.

சர்வர் என்பது வங்கியின் பேரேடு இருக்கும் கணினி. பேண்ட்வித் என்பது அதற்குச் செல்லும் பாதையின் அகலம். தீபத்தன்று மாட வீதியில் கூட்டம் நெரிவது போலவே, ஒரே டவரை அத்தனை செல்போன்களும் பகிர்வதால் பாதை அடைபடுகிறது, பணம் தாமதமாகிறது. அந்நேரம் வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்பி மூட்டையை ஏற்றிவிடக் கூடாது. நம் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகே சரக்கைக் கொடுப்போம். கடைக்குக் கேபிள் வழி பிராட்பேண்ட் ஒன்று இருந்தால், டவர் நெரிசல் நம்மைத் தொடாது.