சனிக்கிழமைக் கதைத் திருத்தம்

எழுதிய கதையைத் திருத்திக் கேட்கும் வழக்கம் மலேசியத் தமிழுக்குப் புதிதல்ல. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் கதை வகுப்பு நடத்தி, வாசகர் அனுப்பிய கதைகளின் குறைநிறைகளை அச்சிலேயே எடுத்துக்காட்டினர். அதே ஆண்டு சென்னையில் அழ. வள்ளியப்பாவின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. பினாங்கில் இன்று சிறுவர் கதைக்கென ஒரு விமர்சனக் குழு தொடங்க அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஐந்து பேர், ஒரு மேசை, ஒரு கடிகாரம் போதும்.

முதலில் ஆட்கள். மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் மேடைக்காகக் கதையும் நாடகமும் எழுதும் ஆசிரியர்களிடமிருந்து தேடலைத் தொடங்கலாம். ஐவரில் ஒருவர் படம் வரைபவராக இருக்கட்டும். மற்றொருவர் எதுவும் எழுதாதவராக, ஆனால் இரவுதோறும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுபவராக இருந்தால் குழுவுக்கே பலம்.

அடுத்தது நாள். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒருவர் வந்தாலும் ஞாயிறு ஆகாது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலோ சனியும் ஞாயிறும். ஆக, இரு மாநிலத்தாருக்கும் பொதுவானது சனி மட்டுமே. மாதத்தின் முதல் சனி, காலை 10 மணி என்று நிலையாக வைத்துவிட்டால், ஒவ்வொரு மாதமும் நாள் கேட்டுப் பேசும் வேலை மிச்சம்.

இடத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். கதையைச் சத்தமாக வாசிக்க வேண்டியிருப்பதால் நூலக வாசிப்புக்கூடம் உதவாது. குட்டி இந்தியாவின் உணவுக்கடையும் உதவாது. கடைவாசல் பாட்டோடு போட்டிபோட முடியாது. பள்ளியின் காலி வகுப்பறையோ ஒருவர் வீட்டு முன்கூடமோ பொருந்தும்.

கூட்டத்துக்கு 7 நாள் முன்பே கதை புலனத்தில் வந்துவிட வேண்டும். எழுத்து 14 புள்ளி, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, ஐந்து வரிக்கு ஒருமுறை வரியெண். தலைப்பில் வகுப்பும் அளவும் மட்டும் இருக்கும்: ‘ஆண்டு 2, 600 சொல்.’ கதை எதைச் சொல்ல வருகிறது என்ற முன்னுரை கூடாது. அதைக் கதையே சொல்லட்டும்.

உறுப்பினர் இருமுறை வாசிப்பர். முதல்முறை கையில் பென்சில் இருக்காது. இரண்டாம் முறை, வாசிப்பு தடைப்பட்ட இடத்தில் அலைக்கோடு, எட்டு வயதுக்குக் கடினமான சொல்லுக்கு வட்டம், ஓவியரிடம் விட்டுவிடக்கூடிய வருணனைக்கு அடைப்புக்குறி. சந்திப்பிழை திருத்தும் ஆசை எல்லாருக்கும் வரும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஒரு கதைக்கு 30 நிமிடம். ஒரு காலையில் மூன்று கதைகள். எழுதியவர் அல்லாத ஒருவர் 7 நிமிடம் வாசிக்கிறார். இந்த ஏற்பாட்டின் நுட்பமே இதுதான். எழுதியவர் வாசித்தால் தன் குரலாலேயே ஓட்டைகளை அடைத்துவிடுவார். பிறர் வாசிக்கும்போது வாக்கியம் தன் பலத்தில்தான் நிற்க வேண்டும். பிறகு நால்வருக்கும் தலைக்கு 4 நிமிடம். அந்த 16 நிமிடமும் எழுதியவர் வாய் திறக்காமல் குறிப்பெடுக்கிறார். அடுத்த 5 நிமிடம் அவர் கேள்வி கேட்கலாம், வாதாடக் கூடாது. எஞ்சிய 2 நிமிடத்தில் திருத்த வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறார்.

கருத்து சொல்வதற்கும் வரிசை உண்டு: முதலில் கதைப்போக்கு, அடுத்து பாத்திரம், பின்னர் தகவல், கடைசியில் வாக்கியம். நீக்கப்படப்போகும் பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பது வீண் வேலை. எடுத்துக்காட்டாக, அப்பா காரை ஃபெரியில் ஏற்றிப் பட்டர்வொர்த்துக்குப் போகும் கதை ஒன்று மேசைக்கு வருகிறது என்போம். 2021 முதல் பினாங்கு ஃபெரியில் கார் ஏறுவதில்லை; 2023இல் வந்த நான்கு புதிய கலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும்தான் இடம். ஆண்டு 2 பிள்ளை ஃபெரியில் காரைப் பார்த்தே இருக்காது. காரை மோட்டார் சைக்கிளாக்கினால், பின்னிருக்கையில் தூங்கும் தம்பி எங்கே போவான்? கதையைத் தாத்தாவின் இளமைக் காலத்துக்கு நகர்த்தினால் காரும் இருக்கும், தம்பியும் தூங்கலாம். இது முடிவான பிறகே, ‘ஃபெரியானது மெல்ல மெல்ல நகர்ந்து சென்றுகொண்டிருந்தது’ என்ற வரியை ‘ஃபெரி மெல்ல நகர்ந்தது’ என்று சுருக்கும் பேச்சு எழுகிறது.

திருத்திய கதை இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருகிறது, இம்முறை புத்தக வடிவில். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் 32 பக்கம். முதல் மூன்று பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போக, 4–5 தொடங்கி 30–31 வரை 14 இரட்டைப் பக்கங்கள், கடைசியில் ஓர் ஒற்றைப் பக்கம். கதையைத் துண்டு துண்டாக வெட்டி இவற்றில் ஒட்டும்போதே எங்கே சதை கூடியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு பக்கத்தில் ஐந்து வரிக்கு மேல் ஒட்ட நேர்ந்தால் அங்கே கத்திரி வைக்க வேண்டும். படம் வரைபவர் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் கட்டம் மட்டும் போடுகிறார். சந்திப்பிழைக்கு இப்போது நேரம் வந்துவிட்டது.

கடைசிக் கட்டத்தில் அந்தத் தாள் புத்தகம், எழுதியவரின் பிள்ளையல்லாத ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குப் போகிறது. பிடித்ததா என்று கேட்க வேண்டாம். பிள்ளைகள் பெரியவர் மனம் நோகாமல் பதில் சொல்லிவிடுவார்கள். எந்தப் பக்கத்தை வாசித்து முடிக்காமல் புரட்டியது என்று பார்த்து, அந்தப் பக்க எண்ணை அடுத்த சனிக்கான குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.