ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால்

வில்லரேயிலும் பக்கத்துப் பார்க் எக்ஸ்ரென்சனிலும் நம்மவர் வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், ரைலனோல் கொடுத்து, கொத்தமல்லி அவித்துப் பருக்கி, இரண்டு மூன்று நாள் பார்ப்போம். பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். அப்படித் தணியாத காய்ச்சல்களில் ஒன்று கவாசாக்கி நோய்.

இது இரத்த நாளங்களில் ஏற்படும் அழற்சி. ஜப்பானியக் குழந்தை வைத்தியர் தோமிசாகு கவாசாக்கி 1961இல் முதல் நோயாளியைக் கண்டார். 1967இல் 50 பிள்ளைகளின் விபரங்களை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அதிகம் வருகிறது. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ஐந்து நாள் விடாத காய்ச்சலோடு இவற்றைக் கவனியுங்கள்:

- பீளை இல்லாமல் இரு கண்களும் சிவத்தல்
- உதடு வெடித்து, நாக்கு ஸ்ரோபெரி போலச் சிவத்தல்
- உடலில் தடிப்பு
- கை கால் சிவந்து வீங்குதல்
- கழுத்தில் நெறி கட்டுதல்

எல்லாம் ஒரே நாளில் வராது. ஒன்று மறைய இன்னொன்று வரலாம். நமது தோல் நிறத்தில் தடிப்பின் சிவப்பு இலகுவில் தெரியாது. ஆகவே காய்ச்சல் தொடங்கிய திகதியைக் குறித்து, கண்டதைப் படம் எடுத்து வையுங்கள். கைக்குழந்தைகளில் அறிகுறிகள் குறைவாகவே இருக்கலாம்.

காய்ச்சல் மருந்தில்லாமலும் ஒருநாள் விட்டுவிடும். ஆபத்து இதயத்தில்தான். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு, இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகள் பாதிக்கப்பட்டு வீங்கக்கூடும். பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் அது இருபதில் ஒன்று அளவுக்குக் குறைகிறது.

அன்ரிபயோட்டிக் இதற்கு உதவாது. ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த குருதியிலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலினை, கிலோவுக்கு 2 கிராம் வீதம், பத்துப் பன்னிரண்டு மணிநேரம் நாளத்தினூடாக ஏற்றுவார்கள். 12 கிலோ பிள்ளைக்கு 24 கிராம். கூடவே அஸ்பிரினும் கொடுப்பார்கள். வைத்தியர் சொல்லாமல் நாமாகப் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சிலருக்கு இரண்டாம் முறையும் மருந்து தேவைப்படும்.

வீடு திரும்பிய பின்னும் இதய எக்கோ பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். சின்னமுத்து, கொப்புளிப்பான் தடுப்பூசிகளைப் பொதுவாக 11 மாதங்கள் தள்ளிப்போடுவார்கள். தடுப்பூசி போடும் தாதியிடம் இதைச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் எந்நேரமும் 811ஐ அழைக்கலாம். ஐந்தாம் நாளும் காய்ச்சல் நின்றால், சென்ற் ஜுஸ்தீன் அல்லது மொன்றியல் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பிரெஞ்சு வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். “மலாடி து கவாசாக்கியாக இருக்குமா?” என்று கேட்க நாம் தயங்கத் தேவையில்லை.