காது கேட்கும் கருவி: வாங்கினால் மட்டும் போதுமா?

பெங்களூருவிலும் கோலார் தங்கவயலிலும் பல தமிழ்க் குடும்பங்களில் இதைக் காணலாம். வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கருவியோ பீரோவில் தூங்குகிறது!

"போட்டால் ஒரே இரைச்சல். பேசுவது மட்டும் புரியவில்லை" என்கிறார் பெரியவர். "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியும் போட மறுக்கிறாரே" என்று பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். சில நாட்களில் அந்தப் பேச்சும் நின்றுவிடுகிறது. பெரியவரிடம் பேசுவதே குறைந்துவிடுகிறது.

குறை யாரிடம்? பெரும்பாலும் பெரியவரிடமும் இல்லை, கருவியிடமும் இல்லை. கருவியை அவருடைய காதுக்கு அளவெடுத்துப் பொருத்தவில்லை. அதுதான் காரணம்.

மூக்குக்கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிவாகிவிடும். காதுக் கருவி அப்படி அல்ல. அதைத் தையற்காரர் தைக்கும் சட்டையோடு ஒப்பிடலாம். அளவு எடுக்க வேண்டும். போட்டுப் பார்க்க வேண்டும். பிடிக்கிற இடத்தில் பிரித்துத் தைக்க வேண்டும்.

சத்தம் கேட்கும், சொல் புரியாது

வயதாகும்போது எல்லாச் சத்தமும் ஒரே அளவாகக் குறைவதில்லை. மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மறைகின்றன. பேச்சில் 'அ', 'ஆ' போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை கேட்டுவிடும். 'க', 'ச', 'த', 'ப' போன்றவை மெலிந்த ஒலிகள், அவை நழுவிவிடும். கடை, தடை, படை, சடை ஆகிய நான்கும் ஒன்றுபோலவே காதில் விழும். "கடைக்குப் போனானா?" என்று கேட்டால் "சடை போட்டாளா?" என்று பதில் வருவது இதனால்தான்.

இரைச்சலில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு இந்தக் குறை முன்னதாகவே வந்துவிடும். கோலார் தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டது. அதுவரை பூமிக்கடியில் பாறையைத் துளைத்த தொழிலாளர்களில் ஏராளமானோர் தமிழர்கள். பாறை துளைக்கும் இயந்திரத்தின் சத்தம், உட்காதில் உள்ள நுண்ணிய உணர்செல்களை அழிக்கவல்லது. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்தவர்களுக்கும் இதே கதிதான்.

இப்படிப்பட்ட காதுக்கு எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாகப் பெருக்கும் கருவியை மாட்டினால் என்ன ஆகும்? பாத்திரம் உருளும் சத்தமும் பஸ் ஹாரனும் தலையைப் பிளக்கும். 'ச'வும் 'த'வும் அப்போதும் தெளிவாகக் கேட்காது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குத் தபாலில் வரவழைக்கும் பெருக்கிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

முதலில் டாக்டர்

கருவி வாங்கும் முன்பு காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுவது அவசியம். சிலருக்குக் குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். அதை எடுத்தால் போதும். சீழ் வடிதல், செவிப்பறையில் ஓட்டை ஆகியவற்றுக்கு வைத்தியம் உண்டு.

ஓரிரு நாளில் திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் அதை அவசர நோயாகக் கருத வேண்டும். "சளி பிடித்திருக்கிறது, தானாகச் சரியாகும்" என்று இருந்துவிடக் கூடாது. உடனே சிகிச்சை தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். ஒரு காதில் மட்டும் மந்தம், தலைசுற்றல், ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

தமிழில் சோதியுங்கள்

டாக்டர் பார்த்த பிறகு 'ஆடியாலஜிஸ்டு' எனப்படும் செவித்திறன் நிபுணர் சோதனை செய்வார். சத்தம் புகாத அறையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பல சுருதிகளில் ஒலி எழுப்பி, எது எவ்வளவு மெலிதாகக் கேட்கிறது என்று ஒரு வரைபடத்தில் குறிப்பார். அதற்கு 'ஆடியோகிராம்' என்று பெயர். காதுக்கு எழுதிய ஜாதகம் போன்றது இது. கடைக்காரர் கருவியோடு இதையும் கொடுக்கிறாரா என்று பாருங்கள். பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது சொல் சோதனை. சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வெளிமாநிலத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கன்னடமோ ஆங்கிலமோ கடைவீதியில் பேசும் அளவுக்குத் தெரியும் என்றாலும், சோதனையை அந்த மொழியில் செய்துகொண்டால் கணக்கு தவறும். தாய்மொழியில் அரைகுறையாகக் கேட்டாலே மனம் மீதிச் சொல்லை நிரப்பிக்கொள்ளும். பிறமொழியில் அது முடியாது. காதுக்குள்ள குறை எது, மொழி தெரியாத குறை எது என்று பிரித்தறிய இயலாமல் போய்விடும்.

சோதனைக்காகத் தமிழிலேயே தயாரிக்கப்பட்ட சொற்பட்டியல்கள் உண்டு. "தமிழில் சோதியுங்கள்" என்று தயங்காமல் கேட்கலாம். வீட்டில் பெரியவரோடு அதிகம் பேசுகிற மருமகளோ பேரனோ உடன் போவது நல்லது. கருவியைச் சரிசெய்யும்போது அவர்கள் பேசிக் காட்டினால், வீட்டில் எப்படிக் கேட்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அச்சும் அளவும்

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்கு, சத்தத்தை உள்ளே கொண்டுசெல்லும் அச்சு ஒன்று தேவைப்படலாம். மெழுகு போன்ற பசையைக் காதுக்குள் விட்டு அளவெடுத்து அதைச் செய்வார்கள். அச்சு தளர்ந்திருந்தால் வெளியே கசியும் சத்தம் மறுபடி கருவிக்குள் புகுந்து 'கீ' என்று விசில் அடிக்கும். கேட்கும் குறை குறைவாக உள்ளவர்களுக்கு அச்சுக்குப் பதில் சிறிய ரப்பர் குடை போதும்.

பிறகு கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஆடியோகிராமுக்கு ஏற்பச் சுருதிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். இதில் முக்கியமான படி ஒன்று உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் வைத்து, செவிப்பறையின் அருகில் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளப்பார்கள். காதுக்குக் காது குழாயின் நீளமும் அகலமும் மாறுவதால், இந்த அளவு இல்லாமல் பொருத்துவது ஏறக்குறைய குத்துமதிப்புதான். பல கடைகளில் இதைச் செய்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டு கருவி போடுவதே பொதுவாக நல்லது. யார், எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார் என்பது தெரியும். கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறியவும் உதவும்.

ஒரே நாளில் பழகாது

பல ஆண்டுகள் கேட்காமல் இருந்த ஒலிகள் திடீரென்று திரும்பும்போது மூளை திகைக்கும். மின்விசிறி ஓடுவதும், செய்தித்தாள் புரட்டுவதும்கூடப் பெரிதாகக் கேட்கும். முதலில் வீட்டுக்குள் சில மணி நேரம். பிறகு ஒருவர் இருவருடன் பேச்சு. அதற்கடுத்து கடைவீதி, கல்யாண மண்டபம் என்று படிப்படியாகப் போக வேண்டும். சில வாரங்களாவது ஆகும். அந்த வாரங்களில் எது இரைச்சலாக இருந்தது, எந்தப் பேச்சு புரியவில்லை என்று குறித்துவைத்து, மறுபடி போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று தடவையாவது போக நேரிடும். அதை அலைச்சல் என்று எண்ணாதீர்கள். பொருத்துவதன் ஒரு பகுதியே அது.

மாற்றும் முன்பு

நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த கருவியில் சத்தம் குறைந்தால் உடனே புதிது வாங்க ஓட வேண்டியதில்லை. முதலில் செல்லை மாற்றிப் பாருங்கள். ஸ்டிக்கரை உரித்தவுடன் செல்லுக்குள் காற்றுப் புக ஒரு நிமிடம் விட்டுப் பிறகு போட வேண்டும். அடுத்து, காதில் குறும்பி இருக்கிறதா என்று டாக்டரிடம் பாருங்கள். கருவியின் நுனியில் உள்ள வடிகட்டியிலும் குறும்பி அடைக்கும். சில ரூபாயில் மாற்றிவிடலாம். அச்சோடு இணைந்த பிளாஸ்டிக் குழாய் சில மாதங்களில் விறைத்துப்போகும், அதையும் மாற்றலாம். வியர்வையின் ஈரம் கருவிக்கு எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பியில் வைத்தால் ஆயுள் கூடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் மறுபடி ஆடியோகிராம் எடுக்க வேண்டும். காதின் குறை கூடியிருக்கலாம். இன்றைய டிஜிட்டல் கருவிகளைப் புதிய அளவுக்கு ஏற்ப மாற்றி அமைக்க முடியும். ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் சோதித்துக்கொண்டால் பல ஆண்டுகள் அதே கருவி உழைக்கும்.

எப்போது மாற்றலாம்?

கருவியின் சராசரி ஆயுள் சுமார் 5 ஆண்டுகள். ஆனால் 5 ஆண்டு முடிந்தது என்பதற்காக மட்டும் தூக்கி எறிய வேண்டாம். காதின் குறை கருவியின் சக்தியைத் தாண்டிப் போனால் மாற்ற வேண்டும். உதிரி பாகம் கிடைக்காமல் போனாலோ, ரிப்பேர் செலவு அடிக்கடி வந்தாலோ மாற்றலாம். கை நடுக்கத்தால் சிறிய செல்லைப் போட முடியாதவருக்கு, சார்ஜ் செய்யும் கருவி உண்மையாகவே தேவைப்படலாம். "புது மாடல் வந்திருக்கிறது, பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி" என்று டெலிபோன் வருவது மட்டும் காரணம் ஆகாது.

எங்கே போவது?

மைசூருவில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. பெங்களூருவிலிருந்து சுமார் 140 கி.மீ. தூரம். சோதனை, அச்சு, கருவி பொருத்துதல் அனைத்தும் அங்கே நடைபெறுகின்றன. பெங்களூரு நிம்ஹான்சிலும் பேச்சு, செவித்திறன் துறை உண்டு. வசதி குறைந்த மாற்றுத் திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டம் 1981 முதல் நடந்து வருகிறது. வருமானச் சான்றும் மாற்றுத் திறனாளிச் சான்றும் வைத்திருப்போர் அதில் காதுக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

தனியார் கடையில் வாங்குவோர் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா? சொல் சோதனையைத் தமிழில் செய்வாரா? காதுக்குள் குழாய் வைத்து அளந்து காட்டுவாரா? வாங்கிய பிறகு எத்தனை தடவை இலவசமாகச் சரிசெய்து தருவார்? இந்த நான்குக்கும் நேரான பதில் கிடைக்காத கடையில், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.