வேப்பம்பட்டில் ஏறு... பர்மாவில் சாப்பிடு!

என்ன குட்டீஸ், பரீட்சை முடிந்ததா? புத்தகப் பையைப் பரணில் போட்டாச்சா? பக்கத்து வீட்டு மாமா குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறார். எதிர் வீட்டு அண்ணன் மலேசியா போகிறார். நாம் மட்டும் ஃபேனைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறோமே என்று முகத்தைத் தொங்கப் போட வேண்டாம்!

பல ஊர்க்காரர்களும் பல நாட்டுக்காரர்களும் வந்து கலந்த ஓர் இடம்... தெருவுக்குத் தெரு வேறு பேச்சு, வேறு வாசனை, வேறு பலகாரம்... அப்படி ஓர் இடம் நமக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ஒரு ரயில் டிக்கெட் போதும்!

அந்த இடத்தின் பெயர் ஜார்ஜ் டவுன். சென்னையில் பாரிமுனை, சவுகார்பேட்டை, மண்ணடி எல்லாம் சேர்ந்த பழைய பகுதி. ஒரே நாளில் சுற்றிப் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்கிவிடலாம். ஆனால், ஒரு நிபந்தனை. எதை வாயில் போட்டாலும், 'இது இங்கே எப்படி வந்தது?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். சம்மதமா? அப்படியானால் கிளம்பலாம்!

தண்டவாளத்துக்கும் வயசு உண்டு

வேப்பம்பட்டில் இருந்து சென்ட்ரலுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகும் மின்சார ரயில்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்குப் போனபோது, ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகத்தான் போனது. நீங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கும் இந்தத் தடம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தடம்!

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பிள்ளைகளுக்குத் தடம் வேறு. ஆனால் இறங்குமிடம் ஒன்றுதான். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூர் மார்க்கெட் வளாகம்.

முதல் நிறுத்தம்: தங்கசாலைத் தெரு

சென்ட்ரலில் இருந்து யானைகவுனிப் பக்கம் நடந்தால், கொஞ்ச நேரத்தில் தங்கசாலைத் தெரு வந்துவிடும். 'மின்ட் தெரு' என்றும் சொல்வார்கள். தங்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை 1840களில் இங்கே வந்ததால் இந்தப் பெயர்.

தெருவுக்குள் நுழைந்ததும் காதைத் தீட்டிக் கொள்ளுங்கள். மார்வாரி, குஜராத்தி, இந்தி, தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். 'சவுகார்' என்றால் வட்டிக்குப் பணம் கொடுக்கும் வியாபாரி. ராஜஸ்தானில் இருந்தும் குஜராத்தில் இருந்தும் தலைமுறை தலைமுறையாக வியாபாரத்துக்கு வந்தவர்கள் இங்கேயே வீடு வாசல் கட்டிக் குடியேறினார்கள். அதனால்தான் இது சவுகார்பேட்டை.

காலைப் பலகாரத்துக்குச் சுடச்சுடக் கச்சோரி. மேலே பிழியப் பிழிய எண்ணெயில் சுழலும் ஜிலேபி. கூடவே ஒரு டம்ளர் பாதாம் பால். சில கடைகளில் 'ஜெயினா?' என்று கேட்பார்கள். விழிக்காதீர்கள். சமண சமயத்தவர்களில் பலர் உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு போன்ற மண்ணுக்கடியில் விளைபவற்றைச் சாப்பிடமாட்டார்கள். செடியை வேரோடு பிடுங்கினால் அதை ஒட்டி வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் சாகுமே என்ற இரக்கம்தான் காரணம். அவர்களுக்காக உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போட்டுச் செய்வதும் உண்டு.

இந்தத் தெருவின் ஹீரோ யார் தெரியுமா? முறுக்கு சாண்ட்விச்! ரொட்டித் துண்டுக்குப் பதிலாக இரண்டு முறுக்கு. நடுவில் வெள்ளரிக்காய், தக்காளி, பச்சைச் சட்னி. கடித்தால் 'கடமுட' என்று சத்தம். முறுக்கு நம்முடையது. சட்னியும் மசாலாவும் வடக்கே இருந்து வந்தவை. ராஜஸ்தானிலும் இது பிறக்கவில்லை, தஞ்சாவூரிலும் பிறக்கவில்லை. இரண்டும் ஒரே தெருவில் குடியிருந்ததால் பிறந்தது!

இரண்டாம் நிறுத்தம்: அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

கிழக்கே நடந்து மண்ணடிப் பக்கம் வந்தால் பவளக்காரத் தெரு. ஒரு காலத்தில் இங்கே யூத வணிகர்கள் இருந்தார்கள். இத்தாலிக் கடல் பக்கத்தில் இருந்து பவளத்தைக் கப்பலில் வரவழைத்து, அதற்கு ஈடாகக் கோல்கொண்டா வைரங்களை வாங்கி அனுப்பினார்கள். இன்று அந்தப் பவளமும் இல்லை, வைரமும் இல்லை. தெருப்பெயர் மட்டும் இருக்கிறது.

அங்கிருந்து பாரிமுனைப் பக்கம் வந்தால் அரண்மனைக்காரன் தெரு. எங்கே அரண்மனை என்று தேடாதீர்கள்! இங்கே வாழ்ந்தவர்கள் ஆர்மீனியர்கள். 'ஆர்மீனியன்' என்ற சொல் நம்மவர்கள் நாக்கில் புரண்டு புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது என்று சொல்வார்கள்.

ஆர்மீனியா எங்கே இருக்கிறது? அட்லஸை எடுங்கள். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவில் உள்ள மலைநாடு. அவ்வளவு தூரத்தில் இருந்து பட்டும் ரத்தினமும் வியாபாரம் செய்ய வந்தார்கள். 1712ல் ஒரு தேவாலயம் கட்டினார்கள். 1772ல் அதைப் புதிதாகக் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளே அமைதியான முற்றம், பழைய கல்லறைகள், மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை 'அஸ்தாரார்'. அது 1794ல் அச்சானது ஆர்மீனியாவில் அல்ல, நம் சென்னையில்! அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். ஆர்மீனியச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? எங்கேயும் கிடைக்காது! சென்னையில் இன்று ஆர்மீனியக் குடும்பங்கள் இல்லை என்றே சொல்லலாம். வியாபாரம் குறைந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். கல்லால் கட்டிய கோயில் 250 வருஷமாக நிற்கிறது. அவர்கள் வீட்டு அடுப்பில் கொதித்தது என்ன என்று இந்தத் தெருவில் இன்று யாருக்கும் தெரியாது. கட்டடத்தை விட்டுவிட்டுப் போகலாம், சமையலை விட்டுவிட்டுப் போக முடியாது. சமைக்கிற ஆள் இருந்தால்தான் சமையல் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு மண்ணடியில் பிரியாணியா, பாரிமுனையில் வாழையிலைச் சாப்பாடா என்பது உங்கள் இஷ்டம். சாப்பிட்ட பிறகு, 1892ல் திறக்கப்பட்ட சிவப்பு நிற உயர்நீதிமன்றத்தை வெளியில் நின்று அண்ணாந்து பாருங்கள். அதன் உயரமான கோபுரம் பல காலம் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. பக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டை. அங்கே உள்ள அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கண்டிப்பாகப் பாருங்கள்!

மூன்றாம் நிறுத்தம்: பர்மா!

சாயங்காலம் ஆகிவிட்டது. பசிக்குமே! கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கம், துறைமுகத்துக்கு எதிரே, வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். இதுதான் பர்மா பஜார். இதைச் சுற்றியுள்ள தெருக்களில் தள்ளுவண்டிகளில் பெரிய தட்டு நிறைய ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவிந்திருக்கும். அதுதான் 'அத்தோ'.

நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் சேர்த்து, மொறுமொறுவென்ற 'பேஜோ'வை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பர்மிய மொழியில் இப்படிக் கலந்து செய்யும் பதார்த்தத்துக்கு 'அதோக்' என்று பெயர். அதுதான் நம் ஊரில் அத்தோ. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். பர்மாக்காரர்கள் காலையில் சாப்பிடும் 'மொஹிங்கா' என்ற மீன் குழம்பிலும் வாழைத்தண்டு உண்டு.

பர்மாச் சாப்பாடு பாரிமுனைக்கு எப்படி வந்தது? இதுதான் முக்கியமான கதை. கவனமாகக் கேளுங்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் தமிழர்கள் பலர் பிழைப்புத் தேடி பர்மாவுக்குப் போனார்கள். வயலில், மில்லில், கடையில், துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள். அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தை குட்டி. அந்தக் குழந்தைகளுக்கு ரங்கூன்தான் சொந்த ஊர். 1962ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. சேர்த்து வைத்த பணத்தையும் நகையையும் முழுசாக எடுத்துவர விடவில்லை.

உங்கள் வயசுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிறந்த ஊரை விட்டு, நண்பர்களை விட்டு, கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஊர் தமிழ்நாடுதான். ஆனால் பலருக்கு அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை! அவர்கள் பிழைப்பதற்காக 1969ல் தமிழ்நாடு அரசு இங்கே கடை போட இடம் கொடுத்தது. அப்படி உருவானதுதான் பர்மா பஜார். நகையைப் பிடுங்கலாம், கடையைப் பிடுங்கலாம். நாக்கில் இருக்கும் ருசியை யார் பிடுங்க முடியும்? அந்த ருசியை வைத்தே தள்ளுவண்டி போட்டார்கள். குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். இன்று வடசென்னையில் அத்தோ தெரியாத பிள்ளையே கிடையாது.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜார்ஜ் டவுன்

சாப்பிட்டுக்கொண்டே துறைமுகத்தைப் பாருங்கள். இதே இடத்தில் இருந்து நம்மவர்களும் கப்பலேறினார்கள். 1926ல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' என்ற கப்பல், ஏறக்குறைய ஐம்பது வருஷம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது.

மலேசியாவில் உள்ள அந்தப் பினாங்கின் தலைநகரத்துக்கும் ஜார்ஜ் டவுன் என்றுதான் பெயர்! அது 1786ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் வந்தது. நம்முடையது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் வந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனை 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே மாரியம்மன் கோயில், சீனர் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

அந்த ஊரின் புகழ்பெற்ற சாப்பாடு 'நாசி கண்டார்'. மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித்தடி. தடியின் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை. அதைச் சுமந்து தெருத்தெருவாக, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றவர்கள் யார்? நம் ஊரில் இருந்து போன தமிழ் முஸ்லிம்கள்! இன்று மலாய்க்காரரும் சீனரும் அதை 'எங்கள் ஊர்ச் சாப்பாடு' என்று வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். அங்கே நாம் வந்தவர்கள். இங்கே அவர்கள் வந்தவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்து சீட்டில் யார்?

வயிறு நிறைந்ததா? கடற்கரை நிலையத்தில் இருந்தே திருவள்ளூர் பக்கம் போகும் ரயில்கள் சில உண்டு. இல்லாவிட்டால் சென்ட்ரலுக்குப் போய் ஏறலாம். ரயிலில் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டைப் பாருங்கள். பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்காளத்தில் இருந்து நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த அண்ணன்கள் இருப்பார்கள். காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளில் அவர்கள் பேச்சுக் குரல் கேட்காத நாள் இல்லை. போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களும் கும்மிடிப்பூண்டி முகாமில் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். யாராவது அவர்கள் பேச்சைக் கேலி செய்தால் நீங்கள் சிரிக்காதீர்கள். துறைமுகத்தில் வந்து இறங்கிய பர்மாத் தமிழர்களை 'உங்களுக்கு இங்கே இடமில்லை' என்று விரட்டியிருந்தால், இன்று சாயங்காலம் நீங்கள் சாப்பிட்ட அத்தோ ஏது?

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். 'உங்க வீட்டில் நேற்று என்ன சமையல்?' என்று கேளுங்கள். பீகார் நண்பன் வறுத்த கடலை மாவை உள்ளே வைத்து, நெருப்பில் சுட்ட 'லிட்டி' என்பான். இலங்கைத் தோழி தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி என்பாள். ஒடிசாக்காரன் 'பகாளா' என்பான். அது என்ன என்று விசாரித்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு! வெயில் காலத்தில் உங்கள் பாட்டி கொடுப்பாரே, அதேதான்.

ஒரு நோட்டில் இந்தச் சாப்பாட்டுப் பெயர்களை எழுதி, பக்கத்தில் எந்த ஊரில் இருந்து வந்தது, யார் கொண்டு வந்தார்கள் என்று குறித்து வையுங்கள். லீவு முடிவதற்குள் எத்தனை ஊர் சேருகிறது பார்க்கலாம்!

கிளம்பும் முன் கவனிக்க...

* பெரியவர்கள் துணை இல்லாமல் போகக்கூடாது. ஜார்ஜ் டவுன் நெரிசலான இடம். கையை விடாதீர்கள்.
* வீட்டில் இருந்தே தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். கண்ணெதிரே சுடச்சுடச் செய்து தருவதை மட்டும் வாங்குங்கள்.
* வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமைதான் சரியான நாள்.
* கோட்டைக்குள் போகும்போது சோதனை செய்வார்கள். பெரியவர்கள் அடையாள அட்டை வைத்திருப்பது நல்லது.
* தேவாலயத்திலும் அருங்காட்சியகத்திலும் சத்தம் போடாதீர்கள்.
* எல்லாக் கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் பர்மா வரை போய்ச் சேர முடியாது!